சுவரில் ஒரு நீலப் பட்டை

வீடு கட்டுவோர் முன்கூடத்திற்குச் செலவிடும் சிந்தனையில் நாலில் ஒரு பங்கைக்கூடக் குளியலறைக்குச் செலவிடுவதில்லை. வாசற்கதவு தேக்கா, வேங்கையா என்று மூன்று மாதம் ஆலோசிப்பார்கள். குளியலறைச் சுவருக்கு எந்த ஓடு என்பதையோ, கையிருப்பு கரைந்துபோன கடைசி வாரத்தில், கடைக்காரர் எடுத்துப்போடும் முதல் நான்கு மாதிரிகளுக்குள் முடித்துவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படித்தான் செய்தேன். அதன் பலனை அனுபவித்தவர் என் தாயார்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் இருக்கிறது. 1978-இல் என் தந்தையார் கட்டியது. குளியலறையை மட்டும் 2009-இல் நான் புதுப்பித்தேன். தரையிலிருந்து ஏழடி உயரம் வரை வெள்ளை ஓடு, தரையும் வெள்ளை, கழிப்பிருக்கையும் கைகழுவும் தொட்டியும் வெள்ளை. மருத்துவமனையைப்போல் எவ்வளவு தூய்மை என்று வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். 2023 ஆகஸ்டில் ஒரு விடியற்காலையில், அப்போது 81 வயதான அம்மா, அந்தத் தூய்மையான அறையில் சுவர் இருப்பதாக எண்ணிக் கையை ஊன்றப்போய், சுவர் ஒரு சாண் தள்ளி இருந்ததால் சாய்ந்து விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. இடுப்பெலும்பு தப்பியது இறைவன் அருள்.

அவருக்கு ஒரு கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்திருக்கிறது. மறு கண்ணில் கண்நீர் அழுத்த நோய். வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக் கண் மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "தரை ஈரமா இருந்ததா?" என்பதன்று. "உங்க பாத்ரூம் என்ன நிறம்?" என்றே அவர் கேட்டார். எல்லாம் வெள்ளை என்றேன். "அப்போ அம்மா பனிமூட்டத்துக்குள்ள குளிக்கிறாங்க" என்றார்.

முதுமையில் குறைவது எழுத்தைப் படிக்கும் கூர்மை மட்டும் அன்று. வெளிறியதற்கும் சற்றே வெளிறியதற்கும் இடையே உள்ள வேற்றுமையைக் காணும் திறனும் குறைகிறது. கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இக்குறை இன்னும் மிகுதி. வெண்சுவர் வெண்தரையைத் தொடும் கோடு நமக்குத் தெரியும்; அவர்களுக்குத் தெரியாது. இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் வேறாக இருந்தால் போதாது, அடர்த்தி வேறாக இருத்தல் வேண்டும். இளஞ்சிவப்புச் சுவரும் இளம்பச்சைத் தரையும் நம் கண்ணுக்கு வெவ்வேறு. மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கடையில் மாதிரி ஓடுகளை அருகருகே வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத் தோன்றினால், அந்த இணை வீட்டுப் பெரியவர்களுக்கு உதவாது.

ஆக, குளியலறையை மறுபடியும் பிரித்துப் புதிதாகச் செய்வதென்று முடிவாயிற்று. இம்முறை கடைக்கு நானும் மனைவியும் மகளும் அம்மாவுமாக நால்வர் சென்றோம்.

இன்றைய ஓட்டுக்கடையின் வழக்கம் என்னவென்றால், ஒரே வடிவமைப்பில் மூன்று ஓடுகளை ஒரு குடும்பமாகச் சேர்த்துக் காட்டுவார்கள். அடர்நிறம் ஒன்று, இளநிறம் ஒன்று, இவற்றிற்கிடையே படம் அச்சிட்ட 'ஹைலைட்டர்' ஒன்று. கீழே மூன்று வரிசை அடர்நிறம், நடுவில் ஒரு வரிசை ஹைலைட்டர், மேலே இளநிறம் என்று பலகையில் ஒட்டியே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த அளவில் மனம் மயங்கிவிடுகிறது. நாங்கள் சென்ற கடையில் துள்ளும் டால்பின்களும் கூழாங்கற்களும் மூங்கில் இலைகளும் இருந்தன. என் மகளுக்கு மூங்கில் பிடித்திருந்தது. அம்மாவோ டால்பின் படத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா, கறை படிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

படம் அச்சிட்ட ஓட்டை நான் குறை கூறவில்லை. ஆனால் இரண்டு காரணங்களுக்காக அதை வாங்காதிருப்பது நன்று என்பது என் கருத்து. இன்று வந்த படம் அடுத்த ஆண்டு கடையில் இராது. குழாய் பழுதுக்காக ஓர் ஓட்டை உடைத்தால், அதன் இணையை எங்கும் தேடிப் பெற முடியாது. மேலும், ஏழாண்டு தினமும் பார்த்தபின் எந்த டால்பினும் அலுத்துவிடும். வெறும் நிறமும் கோடும் அப்படி எளிதில் அலுப்பதில்லை.

படத்திற்குப் பதிலாக மெல்லிய மொசைக் பட்டை ஒன்று வைக்கலாமா என்று மனைவி கேட்டாள். இங்கே ஒரு சொற்குழப்பம் நேர்ந்தது. "மொசைக்தான் நம்ம வீட்டுத் தரையில இருக்கே, அதை எப்படிச் சுவர்ல ஏத்துவாங்க?" என்றார் அம்மா. அவர் சொன்னதும் சரியே. நம் ஊர்களில் மொசைக் என்றால், பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து வார்த்து, காய்ந்தபின் இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றிய தரை என்றுதான் பொருள். 1960-களிலும் 1970-களிலும் கட்டிய வீடுகளில் அது இல்லாத கூடமே அரிது. ஓட்டுக்கடைக்காரர் மொசைக் என்று சொல்வதோ வேறு. ஏறத்தாழ ஓரங்குலச் சதுரமான கண்ணாடித் துண்டுகளையோ பீங்கான் துண்டுகளையோ வரிசையாக அடுக்கி, பின்புறம் நூல்வலை ஒட்டி, அடிக்கு அடி தாளாக விற்பது அது. உலகின் பிற பகுதிகளில் அப்பெயர் குறிப்பதும் இவ்வாறு துண்டு துண்டாகப் பதிக்கும் கலையையே.

பழமையான கலை அது. இத்தாலியின் இரவென்னா நகரில் 547-இல் நேர்ந்தளிக்கப்பட்ட சான் வித்தாலே ஆலயத்தின் சுவர்களில் கண்ணாடித் துண்டுகளைச் சமமாகப் பதிக்காமல், சிறிது சிறிதாகச் சாய்த்தே பதித்திருக்கிறார்கள். விளக்கொளி ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு திசையில் தெறித்து, சுவரே அசைவதுபோல் தோன்றும். உரோமைப் புனித பேதுரு பேராலயத்திற்குச் சென்று வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பீடங்களுக்கு மேலே இருந்த பெரிய ஓவியங்களைப் பற்றி வியந்து பேசுவார்கள். அவற்றுள் பெரும்பாலானவை ஓவியங்களே அல்ல. ஈரக்காற்றில் எண்ணெய் ஓவியங்கள் பழுதடைந்தமையால், அவற்றைப் பார்த்து அப்படியே மொசைக்கில் ஆக்கி வைத்தவை. அதற்கெனவே வத்திக்கானில் 1727 முதல் ஒரு கலைக்கூடம் இயங்கி வருகிறது. ஈரத்தை வெல்லும் பொருள் என்று தேர்ந்ததையே நாமும் ஈரமான அறைக்குத் தேர்கிறோம் என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

மொசைக் தாளின் விலை சாதாரண ஓட்டைப்போல் பல மடங்கு. அதனால் சுவர் முழுவதையும் நிரப்ப எண்ணுவது நடுத்தரக் குடும்பத்திற்கு ஆகாது; அழகுமன்று. ஒரு பட்டை போதும். எந்த உயரத்தில், எத்தனை அங்குல அகலத்தில் என்பதுதான் கேள்வி. கண் உயரத்தில் வைப்பதே பொதுவழக்கம். எங்கள் வீட்டில் அதைக் கை உயரத்தில் வைப்பதென்று தீர்மானித்தோம். அம்மா பிடித்துக்கொள்வதற்கான எஃகுக் கைப்பிடி எந்த உயரத்தில் வருமோ, அந்த உயரத்தில் அறையைச் சுற்றி அடர்நீலப் பட்டை ஒன்று. சுவர் இளமஞ்சள் தோய்ந்த வெண்மை. நீலத்தைக் கண்டால் அங்கே சுவர் இருக்கிறது, அங்கே பிடி இருக்கிறது என்று பொருள். தரைக்கு வழுக்காத, சொரசொரப்பான கருஞ்சாம்பல் ஓடு. அதில் பூவோ கட்டமோ கூடாது. மங்கிய பார்வைக்குத் தரையில் உள்ள கரும்புள்ளி குழியாகவும், கோடு படியாகவும், பளபளப்பு தண்ணீராகவும் தெரியும்.

இனி வாசகர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். ஓடு பதிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி, கொத்தனார் கரண்டியை எடுக்குமுன்பே நேர்ந்துவிடுகிறது. காகிதத்தில் வரையாமல் வாங்குவதே அத்தவறு.

எங்கள் குளியலறை எட்டடி நீளம், ஐந்தடி அகலம். ஓடு பதிக்கும் உயரம் ஏழடி. நாங்கள் தேர்ந்த ஓடு 18 அங்குல நீளம், 12 அங்குல உயரம், படுக்கைவாட்டில் பதிப்பது. கதவு ஐந்தடிச் சுவர் ஒன்றின் மூலையோரமாக, இரண்டரை அடி அகலத்தில் இருக்கிறது. கடைக்காரர் கணக்கு இப்படி: நான்கு சுவர்களின் சுற்றளவு 26 அடி, உயரம் 7 அடி, ஆக 182 சதுர அடி. கதவுக்குப் பதினேழரை சதுர அடி கழித்தால் நூற்று அறுபத்து நான்கரை. சேதாரம் நூற்றுக்குப் பத்து சேர்த்தால் சுமார் 181. ஓர் ஓடு ஒன்றரைச் சதுர அடியாதலால் 121 ஓடுகள். பெட்டிக்கு ஆறு, 21 பெட்டி போதும் என்றார்.

வீட்டிற்கு வந்து கட்டத்தாளில் வரைந்தேன். கதவைத் திறந்தவுடன் கண்ணிற்படும் சுவர் ஐந்தடி, அதாவது 60 அங்குலம். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் மூன்று முழு ஓடுகள் 54 அங்குலம் போய், மறுமூலையில் ஆறங்குல நறுக்கு ஒன்று நிற்கும். நடு ஓட்டைச் சுவரின் மையத்தில் வைத்தால் இருபுறமும் மூன்று மூன்று அங்குலச் சில்லுகள். அது அதைவிட அலங்கோலம். இரண்டு ஓடுகள் சேரும் கோடு மையத்தில் வரும்படி வைத்தால்? நடுவே இரண்டு முழு ஓடுகள், இருபுறமும் 12 அங்குலத் துண்டுகள். எட்டடிச் சுவருக்கும் அதே முறையில் நடுவே நான்கு முழு ஓடுகளும் இருபுறமும் 12 அங்குலத் துண்டுகளும் வந்தன. எதிர்ச்சுவரின் இரு மூலைகளிலும் பன்னிரண்டும் பன்னிரண்டும் சந்தித்தன. தற்செயல்தான்; ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் நன்றாக வந்தது.

வரைந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. ஒரு வரிசைக்கு எதிர்ச்சுவரில் நான்கு, நீளச்சுவர்களில் ஆறும் ஆறும், கதவுச் சுவரில் இரண்டு, ஆகப் பதினெட்டு ஓடுகள். ஏழு வரிசைக்கு 126. கடைக்காரரின் 21 பெட்டியிலும் சரியாக 126 ஓடுகள்தாம். ஒன்று உடைந்தாலும் வேலை நின்றுபோகும். அவர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். நூற்றுக்குப் பத்து என்னும் கணக்கு பொதுவானது. 18 அங்குல ஓட்டிலிருந்து 12 அங்குலம் வெட்டியபின் மிஞ்சும் ஆறங்குலம் எதற்கும் உதவாது என்பதை அது அறியாது. 22 பெட்டி வாங்கினோம். மூலைவாட்டாகப் பதிப்பவர்களுக்கு நறுக்குச் சேதம் இன்னும் கூடும். நூற்றுக்குப் பதினைந்தாவது சேர்க்க வேண்டும். வாங்கும்போதே ஒவ்வொரு பெட்டியின் மேலும் அச்சிட்டுள்ள நிறக்குறியும் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள ஓடு சூளைக்குச் சூளை சிறிது நிறம் மாறும். சுவரில் ஏறிய பிறகே அது கண்ணுக்குத் தெரியும்.

பதிக்கும் முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேருக்கு நேர் அடுக்குவது ஒன்று; செங்கற்சுவர்போல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி அடுக்குவது மற்றொன்று. முன்னதில் சுவரின் கோணல் ஒவ்வொன்றும் கோட்டில் வெளிப்படும். பின்னது சிறு பிழைகளை மறைத்துவிடும். நியூயார்க் நகரில் 1904-இல் திறந்த சுரங்க இரயில் நிலையங்களில் ஆறுக்கு மூன்று அங்குல வெள்ளை ஓடுகளை அவ்வாறு பதித்தார்கள். அந்தத் தோற்றம் இன்றும் உலகமெங்கும் விரும்பப்படுகிறது. ஆனால் இரண்டடி நீளமுள்ள ஓடுகளைப் பாதிக்குப் பாதி தள்ளி வைக்காதீர்கள். நீண்ட ஓடுகள் சூளையில் வேகும்போது நடுவில் மயிரிழை அளவு மேடுபட்டுவிடும். ஒன்றின் நடு மேடு மற்றதன் முனைத் தாழ்வுக்கு அருகில் வந்தால் சுவர் படிப்படியாகத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது நலம். மீன்முள் வடிவத்தைப் பழகாத கொத்தனாரிடம் கேட்காதிருப்பது அவருக்கும் நமக்கும் நல்லது.

எங்கள் கொத்தனார் அனுபவசாலி. கட்டத்தாளை நீட்டியபோது அவர் சிரித்தார். "சார், நாப்பது வருசமா ஒட்டுறேன். மூலையில ஆரம்பிச்சா மூலையில முடியும்" என்றார். நான் வாதிடவில்லை. ஓடுகளைக் கூடத்துத் தரையில் எதிர்ச்சுவரின் அளவுக்கு இருவகையாகவும் பரப்பிக் காட்டினேன். சுற்றி நடந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரின் மையத்தில் தாமே நேர்க்கோடு இழுத்தார். அந்த நிமிடத்திலிருந்து அது எங்கள் திட்டமாக இல்லை, அவருடைய திட்டமாகிவிட்டது. அதன்பின் வந்த நல்ல யோசனைகள் எல்லாம் அவருடையவை.

முதல் யோசனை உயரக்கணக்கில் வந்தது. பட்டை நான்கங்குலம் என்று வைத்துக்கொண்டோம். ஏழடி என்பது 84 அங்குலம். ஆறு முழு வரிசைகள் 72, பட்டை 4, மீதி 8. அந்த எட்டங்குல வரிசையை மேலே வைப்பதா, கீழே வைப்பதா? தண்ணீர் வடியும்படி தரை, அடிக்குக் கால் அங்குலம் சரியவேண்டும், எட்டடிக்கு இரண்டங்குலம். எப்படியும் அடிவரிசையைச் சரிவுக்கு ஏற்ப வெட்டியே தீரவேண்டும். ஆகவே நறுக்கு வரிசை கீழே. வாசலருகே எட்டங்குலமும் கடைசி மூலையில் பத்தங்குலமுமாக அது சாயும். நனைந்த தரையைப் பார்ப்பவர் எவரும் அதைக் கவனிப்பதில்லை. அடிவரிசை எட்டு, அதன்மேல் இரண்டு வரிசை இருபத்து நான்கு. 32-ஆம் அங்குலத்தில் தொடங்கி 36-ஆம் அங்குலத்தில் பட்டை முடியும். அம்மாவை நிற்கவைத்துக் கை இயல்பாகப் படியும் உயரத்தை அளந்தோம், 34 அங்குலம். பட்டையின் நட்டநடு.

இவ்வளவும் கூடி வந்தபோது குழாய்க்காரர் முன்னரே ஒரு குழாய்வாயை 33 அங்குலத்தில் சுவருக்குள் வைத்துப் பூசியிருந்தது தெரிந்தது. பட்டையின் நடுவில் குழாய் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். சுவரைக் கொத்திக் கீழிறக்கினோம். அரைநாள் கூலி வீண். குழாய் வேலைக்காரரும் கொத்தனாரும் ஒரே வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். இதை நான் அந்த அரைநாளில் கற்றேன்.

மொசைக் பதிப்பதில் மூன்று நுட்பங்கள் உண்டு. பலர் வீட்டில் இவை தவறிப்போவதைக் கண்டிருக்கிறேன். முதலாவது, கனம். சுவர் ஓடு ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர். கண்ணாடி மொசைக் நான்குதான். இரண்டையும் ஒரே தளத்தில் ஒட்டினால் பட்டை உள்வாங்கி, அதன் விளிம்பில் சோப்புநுரையும் அழுக்கும் தேங்கும். கொத்தனார் பட்டைக்குரிய இடத்தில் நான்கங்குல ரீப்பர் கட்டையை அறைந்து, அதன்மேல் மற்ற வரிசைகளை ஏற்றினார். அவை இறுகியபின் கட்டையைக் கழற்றி, குழியில் கலவையை நிரப்பித் தேவையான அளவு முன்னுக்குக் கொண்டுவந்து, மறுநாள் மொசைக்கை ஒட்டினார். இரண்டாவது, ஒட்டும் பொருளின் நிறம். கண்ணாடி ஒளியைக் கடத்தும். சாம்பல்நிறச் சிமெண்டில் ஒட்டினால் நிறம் செத்துப்போகும். திட்டுத்திட்டாகக் கரண்டித் தடமும் தெரியும். வெண்ணிற ஒட்டுபசையே வேண்டும். மூன்றாவது, தாளின் முகம். சிலவற்றில் பின்புறம் வலை இருக்கும். அது சுவருக்குள் போகும். சிலவற்றில் முன்புறம் காகிதம் ஒட்டியிருக்கும். அது நம்மை நோக்கி இருக்க ஒட்டி, காய்ந்தபின் நனைத்து உரிக்க வேண்டும். காகிதத்தைச் சுவர்ப்பக்கம் வைத்து ஒட்டிவிட்டு, ஆறுமாதத்தில் துண்டுகள் உதிர்கின்றன என்று கண்ணாடியைக் குறைகூறுபவர்கள் உண்டு.

அளவைப் பார்த்தால், ஓரடித் தாளை மூன்றாக வெட்டினால் நான்கங்குலப் பட்டை மூன்றடி நீளம் கிடைக்கும். கதவு நீங்கலாகச் சுற்றளவு இருபத்து மூன்றரை அடி, எட்டுத் தாள்கள். கைக்காவலாக ஒன்று சேர்த்து ஒன்பது வாங்கினோம்.

கைப்பிடி பொருத்துவதில்தான் சிக்கல் வந்தது. கண்ணாடித் துண்டில் துளையிட்டால் விரிசல் விழும் என்று கொத்தனார் அஞ்சினார். பிடியைப் பட்டைக்கு மேலேயோ கீழேயோ வைத்தால் நீலப் பின்னணி போய்விடும். எங்கள் நோக்கமே போய்விடும். ஒருநாள் முழுவதும் அவ்வேலையைத் தொடாமல் இருந்தார். மறுநாள் காலையில், பழைய ஓட்டுக்கடை ஒன்றில் அதே அடர்நீலத்தில் கிடைத்த நான்கங்குலச் சதுரப் பீங்கான் ஓடுகள் இரண்டைக் கொண்டுவந்தார். கைப்பிடியின் இரு முனைகளும் வரும் இடத்தில் மட்டும் மொசைக்கை நிறுத்தி, அந்த ஓடுகளை வைத்து, அவற்றின் நடுவில் துளையிட்டு, செங்கல் வரை செல்லும் நீண்ட திருகாணிகளால் பிடியை இறுக்கினார். பார்ப்பவர்கள் அதை ஓர் அலங்காரம் என்று எண்ணுகிறார்கள்! ஓட்டின் கனத்தை மட்டும் நம்பிப் பொருத்திய பிடி, ஆள் பாரம் விழும்போது ஓட்டோடு பெயர்ந்து வரும். அது இல்லாதிருப்பதே மேல்.

ஓடு தண்ணீரைத் தடுக்கும் என்று எண்ணுவோர் பலர். ஓட்டின் மெருகு தடுக்கும், இடைக்கோடு தடுக்காது. தண்ணீர் புகாத பூச்சை ஓட்டுக்குப் பின்னால் பூசி, தரையில் 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்கிவைத்து, கசிவில்லை என்று கண்டபிறகே ஓட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இடைக்கோட்டைப் பற்றிப் பேசும்போது என் மனைவியின் பெயரால் ஒரு முறையீட்டைப் பதிவுசெய்ய வேண்டும். குளியலறையை வடிவமைப்பவர்கள் ஆண்கள். தேய்த்துக் கழுவுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் ஊர் நிலத்தடி நீரில் உப்பு மிகுதி. கறுப்பும் கரும்பழுப்பும் பளபளப்புமான சுவரில் ஒரே மாதத்தில் வெள்ளைத் திரை விழும். அதைப் போக்க ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட் உப்பை மட்டுமன்றி இடைக்கோட்டுச் சிமெண்டையும் தின்னும். கோடு குழிந்தால் அழுக்கு ஆழப் பாயும். மேலும் ஆசிட் வேண்டியிருக்கும். அந்தப் புகையை மூச்சில் வாங்குபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். மொசைக்கில் கோடுகள் மிகுதியாதலால் இத்தொல்லையும் மிகுதி. பட்டையை நான்கங்குலத்தோடு நிறுத்தியதற்கு விலை மட்டும் காரணமன்று. அந்த நான்கங்குலத்திற்கு மட்டும் வெள்ளைச் சிமெண்டைத் தவிர்த்து, எபாக்சிக் கலவையால் கோடுகளை நிரப்பினோம். விலை கூடுதல், ஆனால் உப்பும் சோப்பும் அதில் ஊறுவதில்லை. மற்றச் சுவரில் இளநிறம் இருப்பதால் உப்புக்கறை கண்ணை உறுத்துவதில்லை. குளித்து முடித்தவர் கையோடு சுவரைத் துடைத்துவிட்டு வருவது என்று வீட்டில் ஒரு சட்டமும் பிறந்திருக்கிறது. மகன்கள் அதைப் பாதிநாள் மறக்கிறார்கள்.

வெட்டி எஞ்சிய ஆறங்குலத் துண்டுகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தன. எறிய மனம் வரவில்லை. பார்சலோனா நகரின் குவெல் பூங்காவில் 1900-க்கும் 1914-க்கும் இடையே அந்தோனி கவுதியும் அவருடைய உதவியாளர்களும் உடைந்த ஓட்டுத் துண்டுகளைக்கொண்டே நீண்ட வளைவிருக்கைகளை அலங்கரித்தார்கள். 2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'வணக்கத்திற்குரியவர்' என்று அறிவித்தது அதே கவுதியைத்தான். நம் நாட்டில் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி, 1980-ஆம் ஆண்டையொட்டி அகமதாபாதில் எழுப்பிய 'சங்கத்' என்னும் தம் பணிக்கூடத்தின் வளைந்த கூரைகளை உடைந்த வெண்பீங்கான் துண்டுகளால் போர்த்தினார். வெயில் பட்டுத் திரும்பிவிடும். நாங்கள் அவ்வளவு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மூடியில் அவற்றை உடைத்துப் பதித்துவிட்டார் கொத்தனார்.

வேலை முடிந்த நாளில் அவர் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே கலவை நிறைந்திருந்தால் ஓசை கெட்டியாக வரும். வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டியதுபோல் வரும். கதவருகே இரண்டு ஓடுகள் பானையாக ஒலித்தன. நான் கேட்குமுன் அவரே பெயர்த்துவிட்டு வேறு ஒட்டினார். வெட்டும்போது ஒன்று முன்பே உடைந்திருந்தது. ஆக, அதிகமாக வாங்கிய ஆறில் மூன்று தீர்ந்தன.

அம்மா முதன்முறை உள்ளே போனபோது நாங்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே நின்றோம். விளக்கைப் போடவேண்டாம், பகல்தானே என்று சொல்லிவிட்டார். சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு மகள் பொறுக்கமாட்டாமல், "பாட்டி, தெரியுதா?" என்று கேட்டாள். "டால்பின் இல்லை. நீலம் தெரியுது" என்று உள்ளிருந்து பதில் வந்தது. கைப்பிடியில் அவருடைய மோதிரம் படும் ஓசையும் கேட்டது.

மிஞ்சிய மூன்று ஓடுகளும் ஒரு மொசைக் தாளும் பரணில் பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. பெட்டியின் மேல் தொகுதி எண்ணையும் வாங்கிய தேதியையும் மகள் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.